பத்திரம் பதிவானதால் மட்டும் அது வீட்டுமனை ஆகிவிடாது

தோப்பூரில் எய்ம்ஸ் வரும் என்றதிலிருந்து, திருமங்கலம் பக்கம் கல் ஊன்றாத காடு குறைவு. அங்கே 4 சென்ட் வாங்கிய ஒரு குடும்பம் இன்று வீடு கட்ட முடியாமல் நிற்கிறது. பத்திரம் முறையாகப் பதிவாகியிருக்கிறது, முத்திரைத்தீர்வையும் கட்டியாகிவிட்டது. ஏமாந்ததே அந்த நம்பிக்கையில்தான்.

அங்கீகாரமில்லாத புது மனையைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவுப்படி பதிய முடியாது. அதனால் தரகர் "மனை" என்ற சொல்லையே பத்திரத்தில் வைக்கமாட்டார். "புஞ்சை 4 சென்ட்" என்று எழுதிப் பதிந்துவிடுவார். "இப்போதைக்கு இப்படிப் பதிஞ்சுக்கலாம் சார், வீடு கட்டுறப்ப மாத்திக்கலாம்" என்பார். மாற்ற வழியில்லை. 2016 அக்டோபர் 20-க்குள் மனையாகப் பதிவானவைக்குத்தான் வரன்முறைத் திட்டம், அதாவது அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்தும் திட்டம். அதற்குப் பிறகு பிரித்ததற்குக் கட்டட அனுமதி கேட்டால் மனு திரும்பி வரும். வங்கியும் வீட்டுக்கடன் தராது. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்பதை நம்பவே வேண்டாம். மனைப்பிரிவுக்குத் தனியாக அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது.

அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு இடி நிலத்தின் அளவில் விழுந்தது. 4 சென்ட் என்றால் 1,742 சதுரடி. டேப் பிடித்தால் 30-க்கு 47, அதாவது 1,410. மிச்சம் 332 சதுரடி வாசலில் போகும் பாதைக்குள் இருக்கிறது. பாதையையும் மனைக்கணக்கில் விற்றுவிட்டார்கள்! அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலையை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். இழுத்தடித்தால் பாதை இன்னும் நில உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர் வேலி போட்டாலும் ஆச்சரியமில்லை.

கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மனை எண், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் இரண்டும் அதில் வரவேண்டும். எண்ணை வாங்கி, முத்திரையிட்ட வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு ரெரா (கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும்.

வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்காவது போடுங்கள். சர்வே எண் 112/2பி என்றால் 112/2-க்கும் சேர்த்துப் போட வேண்டும். உட்பிரிவு ஆவதற்கு முன் வைத்த அடமானம் தாய் எண்ணில்தான் கிடக்கும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டா, புலப்பட நகல் (நிலத்தின் அளவு வரைபடம்) ஆகியவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். கூட்டுப்பட்டாவாக இருந்தால் மற்ற பங்காளிகள் கையெழுத்தில்லாமல் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் உரிமையாளரிடம் வாங்கிய பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்து விற்கிறார் என்றால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். அவர் இறந்தால் பவரும் போய்விடும்.

அட்வான்ஸை வெறும் முத்திரைத்தாளில் எழுதி முடிப்பது மதுரை வட்டாரத்தில் சாதாரணம். கிரய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தம் வில்லங்கத்தில் தெரியாது, அதே மனைக்கு அடுத்த வாரம் வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருப்பார்.