பழைய வீடியோ கேம் பிரியர்களுக்கு எந்த நாவல்: ‘ரெடி பிளேயர் ஒன்’னா, ‘என் இனிய இயந்திரா’வா?

மன்னார்குடியில் எனக்குப் பழக்கமான ஏழெட்டுப் பேர் பழைய வீடியோ கேம் பெட்டிகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள். பரணில் கிடந்த பெட்டிகளை இறக்கித் துடைத்து, வயர் அறுந்திருந்தால் பற்றவைத்து, கண்ணாடிக் குழாய் டிவி ஒன்றை இதற்காகவே வீட்டில் வைத்திருப்பவர்கள். அவர்களில் ஒருவர், “அண்ணே, நாம ஆடுன காலத்தை ஞாபகப்படுத்துற மாதிரி சயின்ஸ் ஃபிக்ஷன் நாவல் ஒண்ணு சொல்லுங்களேன்” என்று கேட்டபோது, வழக்கமாக எல்லாரும் சொல்லும் பெயரையே நானும் சொன்னேன்: எர்னஸ்ட் கிளைன் எழுதி 2011-இல் வெளியான ‘ரெடி பிளேயர் ஒன்’. இரண்டு வாரம் கழித்து, “நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல வர்ற பாதி நாம ஆடுனதே இல்லையே” என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். அதன் பிறகுதான் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை அதன் பக்கத்தில் வைத்து இரண்டையும் மறுபடி படித்தேன்.

முதலில், நாம் ஆடியது எது என்பதைச் சொல்லியாக வேண்டும். அடாரி 2600 என்ற பெட்டி 1977-இல் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது; அதைச் சுற்றியும் கடைகளில் காசு போட்டு ஆடும் எந்திரங்களைச் சுற்றியும்தான் அந்த நாட்டுப் பிள்ளைகளின் நினைவுகள் அமைந்திருக்கின்றன. நம் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தது, ஜப்பானில் 1983-இல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் பெட்டி. மே மாத விடுமுறையில் ஆறு மணலாகக் கிடக்கும். ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டு, அது கல்லணையைக் கடந்து நம் வாய்க்காலுக்கு வரும்வரை குளியலும் கிடையாது, மீன்பிடியும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடினோம். டிவியின் பின்புறம் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு கேம் வயரைச் செருகி, புள்ளி புள்ளியாக ஓடும் திரையில் படம் தெளியும்வரை சேனலைத் திருகி, கேசட்டை வாயருகே வைத்து ஊதிவிட்டுப் பொருத்தி, ‘காண்ட்ரா’வோ ‘பேட்டில் சிட்டி’யோ வந்தவுடன் கையில் பிடித்து ஆடும் பேடுகளில் முதல் பேடுக்குச் சண்டை போட்டோம். ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இல்லாத இரண்டாவது பேடு எப்போதும் தம்பிமார்களுக்குத்தான்.

இந்த நினைவை வைத்துக்கொண்டு ‘ரெடி பிளேயர் ஒன்’னுக்குள் போகிறவருக்கு அதில் கிடைப்பது குறைவானதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை 2045-இல் நடக்கிறது. ஒயேசிஸ் என்ற மாய உலகத்தை உருவாக்கிய ஜேம்ஸ் ஹாலிடே இறக்கும்போது, அதற்குள் ஒரு பொருளை ஒளித்துவைத்து, மூன்று சாவிகளையும் மூன்று வாயில்களையும் கடந்து அதைக் கண்டுபிடிப்பவருக்கே தன் சொத்து முழுவதும் என்று அறிவித்துவிட்டுப் போகிறார். அந்த ஒளித்துவைக்கும் பழக்கத்தின் வேர் உண்மையான வரலாற்றில் இருக்கிறது: ஆட்டத்தை எழுதியவரின் பெயரை அடாரி நிறுவனம் வெளியிடாத காலத்தில், வாரன் ராபினெட் என்பவர் ‘அட்வென்ச்சர்’ என்ற ஆட்டத்தின் மறைவான அறை ஒன்றுக்குள் தன் பெயரைத் தானே எழுதிவைத்தார். நாவல் இந்தச் செய்தியை அலங்காரமாகப் பயன்படுத்தாமல் கதையின் அச்சாகவே வைத்திருப்பது கிளைனின் உண்மையான சாதனை.

ஆட்டத்தில் தேர்ச்சி பெறுவதை ஒரு கல்வியாக மதிக்கும் புத்தகம் இது. நாயகன் வேட் ஒரு பேய் மன்னனோடு ‘ஜௌஸ்ட்’ ஆடும் அத்தியாயத்தை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். தீக்கோழி மேல் ஏறிப் பறந்து, எதிராளியைவிட ஒரு மயிரிழை உயரத்தில் இருந்து மோதினால்தான் வெற்றி என்ற அந்த எளிய விதிக்குள் எவ்வளவு பயமும் கணக்கும் இருக்கின்றன என்பதை, ஆடியவர் மட்டுமே எழுதக்கூடிய நிதானத்தோடு எழுதியிருக்கிறார். அடுத்து அதே இடத்தில் தோற்றுக்கொண்டே இருக்கும் போட்டியாளர் பெண்ணிடம், இடது பக்கத்துக்கு மாறி ஆடிப் பார் என்று வேட் சொல்கிறான். எந்தப் பேடு யாருக்கு என்று சண்டை போட்டு வளர்ந்த நமக்கு அந்த ஒரு வரியின் அருமை உடனே புரியும். ‘பேக்-மேன்’ ஆட்டத்தை ஒரு உயிரும் இழக்காமல், ஒரு புள்ளியும் விடாமல் முடிக்கும் பகுதியும் அப்படித்தான். அந்த ஆட்டம் நிலை எண்ணை 255 வரை மட்டுமே எண்ணக்கூடிய எட்டு பிட்டுகளில் வைத்திருப்பதால் 256-ஆவது நிலையில் கணக்குத் தடுமாறி, திரையின் வலது பாதி குப்பையாகிவிடும். அதுவரை பிழையே செய்யாதவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சப் புள்ளி 33,33,360. நாவல் அதைக் கொண்டு செய்யும் வேலையை இங்கே சொல்லமாட்டேன்.

வேட் வாழும் இடமும் நமக்கு அந்நியமில்லை. வண்டி வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சேரியில், கைவிடப்பட்ட வேன் ஒன்றுக்குள் ஒளிந்துகொண்டு, உடற்பயிற்சி சைக்கிளை மிதித்து மின்கலங்களுக்குச் சார்ஜ் ஏற்றித்தான் அவன் விளையாடுகிறான். 2012-இல் மின்வெட்டு எப்போது முடியும் என்று காத்திருந்து ஆடியவர்கள் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுதான் போவார்கள்.

ஆனால் நண்பர் சொன்ன குறை உண்மையானது. நாவல் அமெரிக்க 1980-களின் டிவித் தொடர்களையும் பாட்டுகளையும் படங்களையும் பெயர் பெயராக அடுக்கிக்கொண்டே போகிறது. அந்தப் பெயரைக் கேட்டவுடன் வாசகருக்குள் எதுவோ கிளர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. கிளராதவருக்கு அந்தப் பத்திகள் கடையின் சரக்குப் பட்டியலாகத்தான் தெரியும். மேலும் இது கடந்த காலத்தைத் திரும்பிப் பார்த்து 2011-இல் கட்டிய அருங்காட்சியகம். கணினியைப் பழைய கேம் பெட்டி போல நடிக்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருளைப் போட்டு ஆயிரம் ஆட்டங்களை ஒரே கோப்புறையில் வைத்திருப்பவரின் சந்தோஷம் அதில் இருக்கிறது. பெட்டியையே, கேசட்டையே கையில் பிடிக்க விரும்புகிறவரின் சந்தோஷம் வேறு.

‘என் இனிய இயந்திரா’ அந்த இரண்டாவது வகை. இதில் வீடியோ கேம் கதையின் மையமல்ல என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தையே தேடிப் போகிறவர் ஏமாறுவார். ஆனால் 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அது 2020-களின் இந்தியாவைக் கற்பனை செய்தது. ஜீவா என்ற சர்வாதிகாரி. குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசின் அனுமதி வேண்டும் என்ற சட்டம். அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலா. காணாமல் போகும் அவள் கணவன் சிபி. வீட்டுக்குள் வந்து சேரும் ரவியும், புத்தகம் படித்துப் படித்துத் தானாக யோசிக்கத் தொடங்கும் ஜீனோ என்ற இயந்திர நாயும். அந்தக் காலம் உண்மையாகவே வந்து நாம் அதற்குள் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். 1980-களின் மூளை கண்ட எதிர்காலம் எந்தத் திருத்தமும் இல்லாமல் அப்படியே கையில் கிடைப்பது, ஊதிச் செருகிய கேசட் முதல் தடவையிலேயே ஓடுவதற்குச் சமம்.

இடத்தின் நெருக்கமும் உண்டு. முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வேலை பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர் சுஜாதா. சில்லும் சர்க்யூட்டும் அவருக்குக் கைப்பழக்கம். அதனால் ஜீனோ பேசும்போது பொம்மை பேசுவதாகத் தோன்றுவதில்லை. அதன் குறும்பும், தன்னைப் பற்றியே அதற்கு எழும் சந்தேகமும் இன்றைக்கும் பழசாகவில்லை. மாறாக, நகரமும் போக்குவரத்தும் வரும் சில இடங்கள் பழசாகியிருக்கின்றன. எட்டு பிட் திரையின் சதுரப் புள்ளிகளை விரும்புகிறவர்களுக்கு அந்தப் பழமையும் பிடிக்கும்.

என்னிடம் இருப்பது விகடன் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்த பிரதி. பழைய புத்தகக் கடையில் வாங்கியது. காலிகோ முதுகு, பசை காய்ந்து விறைத்த ஓரம், அத்தியாயத்தின் பின்பக்கத்தில் பாதியில் வெட்டுப்பட்ட நகைச்சுவைத் துணுக்கு. ஓரிடத்தில் ஒரு வாரத்துப் பக்கங்களே இல்லை. யாரோ ஒருவர் வெள்ளைத் தாள் ஒன்றைச் சேர்த்துத் தைத்து, அந்த வாரம் என்ன நடந்தது என்பதைப் பென்சிலால் ஏழு வரியில் எழுதிவைத்திருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, எங்கள் தெருவில் பல நாட்கள் மின்சாரம் இல்லாமலிருந்தபோது மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதைத்தான் படித்தேன். தொடர்கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கண்ணியில் முடியும். ‘இன்னும் ஒரே ஒரு ஸ்டேஜ்’ என்று கெஞ்சிய அதே அவசரத்தோடுதான் பக்கத்தைத் திருப்பினேன்.

வேறு இரண்டு பெயர்களையும் யாராவது கேட்பார்கள். ஆர்சன் ஸ்காட் கார்டின் ‘எண்டர்ஸ் கேம்’ 1985-இல், அதாவது ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வந்த அதே ஆண்டில் வெளியானது. இரண்டு கோப்பைகளில் எதைக் குடித்தாலும் சாவுதான் என்று வைத்திருக்கும் ஆட்டத்தைச் சிறுவன் ஒருவன் எப்படி உடைக்கிறான் என்ற பகுதிக்காகவே அதைப் படிக்கலாம், ஆனால் அது ஏக்கத்தைத் தராது. விளையாட்டின் மேல் பயத்தைத் தரும். வில்லியம் கிப்சனின் ‘நியூரோமேன்சர்’ அதற்கு முந்தைய ஆண்டு வந்தது. கடினமான நடை, முதல் நாவலாகக் கொடுக்க வேண்டாம்.

ஆகவே இப்போது என் பரிந்துரை ஆளைப் பொறுத்து மாறுகிறது. ஆங்கிலம் சிரமமில்லாமல் படிப்பவர், ஆட்டத்தின் விதிகளையும் ரகசியங்களையும் மணிக்கணக்கில் பேசக்கூடியவர் என்றால் ‘ரெடி பிளேயர் ஒன்’. பெயர் அடுக்குகள் வரும் பத்திகளைத் தயங்காமல் தாண்டிப் போகலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது. 2018-இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தைப் பார்த்தவரும் புத்தகத்தைப் படிக்க வேண்டும், ஏனெனில் ‘ஜௌஸ்ட்’ ஆட்டத்தின் இடத்தில் படத்தில் கார்ப் பந்தயம்தான் இருக்கிறது. பெட்டியைச் சேர்க்கிறவருக்கும், அந்தக் கோடைகால அறையையே திரும்பப் பெற நினைக்கிறவருக்கும் ‘என் இனிய இயந்திரா’. அது பிடித்தால் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’. எனக்கு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் சுஜாதாவைத்தான் வைத்துக்கொள்வேன். புத்தகத்தைத் திருப்பித் தந்த நண்பரிடம் இப்போது அந்தப் பைண்டு பிரதிதான் இருக்கிறது. பென்சில் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன்.