பலகாரச் சட்டிக்கு எது: கப்பலில் வரும் பாமாயிலா, விழுப்புரத்து மல்லாட்டை எண்ணெயா?

மேற்கு மாம்பலத்தில் முறுக்கு, தட்டை, மிக்சர் போட்டு விற்கிறோம். முன்பெல்லாம் முழுக்கப் பாமாயில்தான். இப்போது பெரும்பகுதி விழுப்புரம் பக்கத்து மில்லில் ஆட்டிய கடலை எண்ணெய். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர்தான் மல்லாட்டை. ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுத்து எதற்கு என்று தொழிலில் இருப்பவர்கள் கேட்கிறார்கள்.

பாமாயிலின் பலம் எல்லோருக்கும் தெரியும். விலை மலிவு, சட்டியில் பொங்காது, பண்டம் சீக்கிரம் காறாது. கொத்தவால்சாவடி மொத்தக் கடையில் டின்னை முதலில் அனுப்பிவிட்டுப் பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்வார்கள். மில்காரருக்கு ரொக்கம் வேண்டும். அவரும் மல்லாட்டை மூட்டையை ரொக்கத்துக்குத்தான் எடுக்கிறார். கடலை எண்ணெயைப் புதிதாக ஊற்றினால் நுரைத்துக்கொண்டு மேலே வரும், டின்னின் அடியில் மண்டி நிற்கும். வாசனையிலும் ருசியிலும் கடலை எண்ணெய்க்கு ஈடில்லை என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது புண்ணாக்கு.

தோல் உரித்த 100 கிலோ நிலக்கடலைப் பருப்பை ஆட்டினால் எண்ணெய் சுமார் 40 கிலோதான் தேறும். மீதியில் பெரும்பகுதி புண்ணாக்கு. மில்லில் நான் டின்னுக்கு நிற்கும் அதே வரிசையில் மாடு வைத்திருப்பவர்கள் சாக்கோடு நிற்கிறார்கள். இயந்திரத்தின் வாயிலிருந்து பழுப்புத் தகடுகளாகச் சூட்டோடு விழுவதை ஆறவைத்து, மூட்டை கட்டி, மொபெட்டின் முன்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அதில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம். கறவை மாட்டுக்கு அதைவிட நல்ல தீவனம் அந்த ஊரில் கிடைப்பது அரிது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கறக்கும் பாலில் ஒரு பங்கு ஆவின் வழியாகச் சென்னைக்கு வருகிறது. நான் எண்ணெய்க்குக் கொடுத்த காசு, என் வாடிக்கையாளர் வீட்டுக் காப்பிக்குப் பால் கறக்கும் மாடு வரைக்கும் போய்ச் சேர்கிறது.

புண்ணாக்கு விலைபோனால்தான் மில்காரருக்கு எண்ணெய் விலை கட்டுபடியாகும். மாடு குறைந்த ஊரில் மில்லும் தள்ளாடும். மில் மூடினால் மல்லாட்டை மூட்டை தொலைவிலுள்ள வியாபாரியைத் தேடிப் போக வேண்டும், வண்டி வாடகை விவசாயியின் தலையில் விழும். காய் பறித்த கொடியும் மாட்டுக்கே போகிறது. தோல் அடுப்பெரிக்க உதவுகிறது. வேர் முடிச்சுகள் நிலத்தில் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. செடியைப் பிடுங்கிப் போட்டதும் களத்தில் உட்கார்ந்து காய் ஆய்கிற பெண்களின் கூலியும் இந்த டின்னுக்குள்தான் இருக்கிறது.

பாமாயிலிலும் சக்கை உண்டு, கூலியும் உண்டு. ஆனால் அவை இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் தங்கி அந்த ஊர்களுக்கு உதவுகின்றன, அதில் தவறில்லை. நமக்கு வந்து சேர்வது எண்ணெய் மட்டுமே. அதைச் சுத்திகரித்து, டின்னில் அடைத்து, லாரியில் ஏற்றும் வேலை இங்கே நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே சங்கிலி நஞ்சையும் சுமக்கும். ஈரம் காயாத மல்லாட்டையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் உண்டாகிறது. அதில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்குகிறது, அதைத் தின்னும் மாட்டின் வழியாக ஒரு சிறு பகுதி பாலுக்கு வருகிறது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் வெளியிட்ட பால் ஆய்வில், சோதித்த 6,432 மாதிரிகளில் 368-இல் இந்த நச்சு அனுமதித்த அளவை மீறியிருந்தது. அதிகம் காணப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சுத்திகரித்த எண்ணெயில் இந்த நச்சு பெரும்பாலும் நீங்கிவிடும், ஆட்டிய எண்ணெயில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஆட்டுவதற்கு முன் பருப்பை நம் கண்ணால் பார்க்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூத்தது இருந்தால் பொறுக்கச் சொல்ல வேண்டும். மில் பக்கத்தில் இருப்பதால் அது முடிகிறது. கண்ணுக்குத் தெரியாத நச்சும் உண்டு என்பதால், மொத்தமாக வாங்குபவர்கள் ஆய்வகச் சோதனைக்கும் செலவு செய்யலாம்.

விலை ஏற்றத்தாழ்வில் இரண்டுமே நம்மைப் படுத்தும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 அன்றுதான் திறந்துவிட்டது. ஜகார்த்தாவில் எடுத்த முடிவுக்கு மாம்பலத்தில் முறுக்கு விலை ஆடியது. கடலைக்கும் மழை உண்டு, குஜராத் விளைச்சல் உண்டு. ஆனால் ஆடிப்பட்டம் எப்படி வந்திருக்கிறது என்று மில்காரரிடம் கேட்டால் அடுத்த சில மாதங்களின் போக்கு ஓரளவு தெரிந்துவிடுகிறது.

எங்கள் அளவுக்கு இது ஓடுகிறது. நாளைக்கு நூற்றுக்கணக்கான கிலோ போடும் தொழிற்கூடங்களுக்குக் கட்டுபடியாகுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. நாங்களும் கடையில் நெடுநாள் தொங்கும் சிறு பாக்கெட் மிக்சரை இன்னும் பாமாயிலில்தான் போடுகிறோம். விலையும் காறலும் வேறு வழி விடவில்லை. வாரத்துக்குள் விற்றுத் தீரும் முறுக்கு, தட்டை, தீபாவளி ஆர்டர் எல்லாம் கடலை எண்ணெய். மாறுவதாக இருந்தால் அறுவடை முடிந்து புதுக் காய் வரும் சமயத்தில் இரண்டு டின் மட்டும் வாங்கி, மண்டி தெளியவிட்டு, சட்டியில் பாதிக்குமேல் ஊற்றாமல் போட்டுப் பாருங்கள்.