பழைய பெட்டியில் பெரிய டிஸ்க்: பயாஸ் அப்டேட்டா, கார்டா, மென்பொருளா?

500 ஜிபி டிஸ்கை மாட்டினால் பழைய கம்ப்யூட்டர் 137 ஜிபி என்று காட்டுகிறதா? டிஸ்க் பழுதில்லை. டிஸ்கில் தகவல் பதியும் சின்னத் துண்டுதான் செக்டார். அதன் முகவரிக்கு அந்தக் காலத்து பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) ஒதுக்கியது 28 பிட்தான். செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கிப் பாருங்கள், 137 ஜிபி வந்து நிற்கும். இதையே விண்டோஸ் 1024-இன் கணக்கில் 128 என்று காட்டும். 32 ஜிபி பக்கம் நின்றால் முதலில் டிஸ்கின் பின்புறம் பின்களில் செருகும் சின்ன மூடியான ஜம்பரைப் பாருங்கள். அளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பரை யாராவது போட்டுவிட்டு மறந்திருக்கலாம்.

பயாஸ் அப்டேட் கிடைத்தால் அதுதான் நேர்வழி, செலவும் இல்லை. ஆனால் பாதியில் கரன்ட் போனால் மதர்போர்டே போச்சு. அதோடு, இருபது வருடத்துக்கும் முந்தைய போர்டுக்குச் சரியான ஃபைலைத் தேடி எடுப்பதே தனி வேலை.

ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற மென்பொருள் டிஸ்கின் தொடக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு பயாஸை ஏமாற்றும். எனக்கு இது பிடிக்காது. ஒருமுறை வைரஸ் போகட்டும் என்று எஃப்டிஸ்க் என்ற கருவியில், டிஸ்கின் முதல் செக்டாரான எம்பிஆரைப் புதுப்பித்தேன். வைரஸோடு அந்த மென்பொருளும் போனது, பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) ஒன்றுகூடத் தெரியவில்லை. இப்படித் தயார் செய்த டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் தகராறுதான்.

என் ஓட்டு, மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகி டிஸ்கை மாட்டும் கன்ட்ரோலர் கார்டுக்கு. அதிலேயே சொந்த பயாஸ் இருப்பதால் மதர்போர்டின் கணக்கு குறுக்கே வராது. சாட்டா (புது டிஸ்குகளின் இணைப்பு வகை) கார்டு என்றால் புது டிஸ்கையும் மாட்டலாம். வேகம் பிசிஐயின் நொடிக்கு 133 எம்பியைத் தாண்டாது, பழைய பெட்டிக்கு அது போதும். கார்டு வழியாக பூட் ஆகவில்லை என்றால் பூட் வரிசையில் 'ஸ்கஸி' (SCSI, இன்னொரு வகை டிஸ்க் இணைப்பு) என்று இருப்பதை மேலே கொண்டுவாருங்கள். பல பழைய பயாஸ்களுக்கு இந்தக் கார்டும் ஸ்கஸிதான்!

டிஸ்கை வெளியே வைத்து இணைக்கும் யுஎஸ்பி பெட்டி பேக்கப்புக்கு மட்டும். போர்டில் யுஎஸ்பி 1.1 தான் இருந்தால் 100 ஜிபியை நகலெடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

எந்த வழியில் போனாலும் விண்டோஸையும் கவனியுங்கள். எக்ஸ்பிக்குக் குறைந்தது சர்வீஸ் பேக் 1 வேண்டும். விண்டோஸ் 2000-க்கு சர்வீஸ் பேக் 3 போட்டு, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'எனேபிள்பிக்எல்பிஏ'வையும் (EnableBigLba) 1 ஆக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, பார்ட்டிஷன் ஏற்கெனவே 137-ஐத் தாண்டிப் போட்டிருந்தால், எல்லைக்கு அப்பால் எழுதுவது சுற்றிவந்து டிஸ்கின் தொடக்கத்தில் விழும். பார்ட்டிஷன்களின் பட்டியலான பார்ட்டிஷன் டேபிள் இருப்பதும் அங்கேதான். முதல் 137 ஜிபி நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காகவே ஓடும், அதனால் சந்தேகமே வராது.

2 டிபிக்கு மேல் கார்டும் கைகொடுக்காது. அதற்கு ஜிபிடி என்ற பார்ட்டிஷன் முறை வேண்டும், 32 பிட் எக்ஸ்பிக்கு அது புரியாது. லினக்ஸுக்குப் புரியும். அப்புறம் பூட் ஆவதற்கு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் சின்ன டிஸ்கையே விட்டுவைக்கலாம்.