தொகுதி அலுவலகத்தில் மனு கொடுத்தால் என்ன நடக்கும்? அமெரிக்கப் பிரதிநிதிகளின் ‘கேஸ்வொர்க்’ சேவை: ஒரு மதிப்பீடு

கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஓட்டு இருக்கிறதா என்ற கேள்வியும் இல்லை. அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 435 பேர். அவரவர் தொகுதியில் அலுவலகம் உண்டு, அரசுத் துறைகளோடு மல்லுக்கட்டவென்றே ஊழியர்களும் உண்டு. அந்த வேலைக்குப் பெயர்தான் ‘கேஸ்வொர்க்’. குடிவரவுத் துறையில் தூங்கும் கோப்பைத் தட்டி எழுப்ப இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் வீட்டு உரிமையாளர் காட்டும் பாகுபாட்டுக்கும் இதையே நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிரதிநிதிகளின் அலுவலகங்களில் இந்த இரண்டு சிக்கல்களும் சேர்ந்தே வருவதில் வியப்பில்லை. 1949-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றத்துக்குத் தேர்வான எட்வர்ட் ராய்பல், அதே ஆண்டு வீடு வாங்கப் போனபோது மெக்சிகன் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர். 1976 டிசம்பரில் அவரும் ஹெர்மன் படில்லோ, ஹென்றி கொன்சாலஸ், கிகா டி லா கார்சா, பால்தசார் கொராடா ஆகியோரும் சேர்ந்து நாடாளுமன்றத்தின் லத்தீனோ உறுப்பினர்கள் குழுவான ‘காங்கிரஸ் ஹிஸ்பானிக் காக்கஸை’த் தொடங்கினார்கள். கொன்சாலஸ் பின்னாளில் வங்கி, வீட்டுவசதி விவகாரங்களைக் கவனிக்கும் சபைக் குழுவுக்கே தலைவரானார். இந்தப் பரம்பரையைப் பார்த்துவிட்டு, ‘நம்ம ஆள் ஒரு போன் போட்டால் முடிந்துவிடும்’ என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. அப்படி முடியாது.

முதலில் கோப்பு விஷயம். வாஷிங்டன் அலுவலகத்துக்கு எழுதாதீர்கள், தொகுதி அலுவலகத்துக்கே போங்கள். அங்கே முதலில் நீட்டுவது அந்தரங்கத் தகவல் ஒப்புதல் படிவம். 1974-ம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி, சம்பந்தப்பட்டவர் கையெழுத்து இல்லாமல் எந்தத் துறையும் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு விவரம் தராது. முழுப் பெயர், பிறந்த தேதி, ஏ எண் (குடிவரவுத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்), ரசீது எண், எந்தப் படிவம் என்பவை கட்டாயம். ரசீது எண் என்பது மூன்று எழுத்தும் பத்து இலக்கமும். ஒரு இலக்கம் பிசகினாலும் விசாரணை வேறொருவர் கோப்பில் போய் முட்டும். ரசீது நோட்டீஸின் நகலையே இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அதிகம் நடக்கும் தவறு கையெழுத்தில்தான். குடும்ப உறவுக்கான ஐ-130 மனுவை அண்ணன் போட்டிருப்பார். பயன்பெறப்போகும் தம்பி அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவார். மனுதாரர் அண்ணன் என்பதால் ஒப்புதல் அவருடையதாக இருக்க வேண்டும். இது தெரியவருவதற்குள் சில வாரங்கள் வீணாகியிருக்கும்.

இன்னொரு தவறு பேராசை. பிரதிநிதி ஒருவர், செனட்டர் இருவர் என மூன்று இடத்திலும் ஒரே மனுவைப் போடுவது. மூன்று விசாரணை ஒரே கோப்பின் மீது விழுந்தால் வேகம் கூடாது, குழப்பம்தான் கூடும். ஒரே அலுவலகத்தைப் பிடித்து அதையே தொடருங்கள். போகும் முன் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் அந்தப் படிவத்துக்கான பரிசீலனைக் காலத்தைப் பாருங்கள். அது தாண்டவில்லை என்றால் ‘வழக்கமான காலவரம்புக்குள் உள்ளது’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். அதற்கு அலுவலகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தச் சேவையால் முடியாதவை: மனுவை ஏற்கச் சொல்லி உத்தரவிடுவது, குடிவரவு நீதிபதியின் தீர்ப்பில் தலையிடுவது, சட்ட ஆலோசனை தருவது. யாராவது தடுப்புக்காவலில் இருந்தால், ஏ எண்ணும் பிறந்த நாடும் வைத்து, குடிவரவுச் சட்டப்படி ஆட்களைப் பிடித்து அடைக்கும் ‘ஐஸ்’ அமைப்பின் இணையத் தேடலில் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அலுவலகம் விசாரிக்க வேண்டுமென்றால் ஐஸ் அமைப்பின் தனி ஒப்புதல் படிவமான 60-001-ல் காவலில் இருப்பவரே கையெழுத்திட வேண்டும். உள்ளே இருப்பவரிடம் அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யு விசா கோப்புகளுக்குக் கூடுதல் ரகசியப் பாதுகாப்பு இருப்பதால், பதில்கள் சுருக்கமாகத்தான் வரும்.

‘பிரதிநிதியின் கடிதம் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. லத்தீன் அமெரிக்க நாடுகளில் ‘நோட்டாரியோ’ என்றால் படித்த சட்டப் பதவி. அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி சொல்பவர், அவ்வளவுதான். இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்தே பிழைக்கும் கூட்டம் உண்டு.

இனி வீடு. 1968 ஏப்ரல் 11-ல் கையெழுத்தான நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு, பாலினம், ஊனம், குழந்தைகள் உள்ள குடும்பம் ஆகிய ஏழு அடிப்படைகளில் பாகுபாட்டைத் தடுக்கிறது. பாலினம் சேர்ந்தது 1974-ல், கடைசி இரண்டும் 1988-ல். புகார் போக வேண்டிய இடம் ‘ஹட்’ எனப்படும் வீட்டுவசதித் துறை. படிவம் 903, தொலைபேசி 1-800-669-9777. சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் புகார் போட வேண்டும். நேரே நீதிமன்றம் போக இரண்டு வருடம், ஹட் விசாரணையில் இருக்கும் காலம் அந்த இரண்டு வருடத்தில் சேராது. பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் ஹட்டில் போட்ட புகார் ஆகாது, அது இந்தக் கடிகாரத்தை ஒரு நாள்கூட நிறுத்தாது. எனவே முதலில் 903, பிறகு அதன் புகார் எண்ணோடு தொகுதி அலுவலகம். விசாரணையை 100 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், தாண்டுவது சகஜம். 2025-ல் ஹட்டில் நடந்த ஆட்குறைப்புக்குப் பின் தொகுதி அலுவலகம் விடாமல் விசாரிப்பது இன்னும் அவசியமாகிவிட்டது.

புகாரை எழுதும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘எனக்குக் குடிவரவு ஆவணம் இல்லாததால் வீடு தரவில்லை’ என்று எழுதினால் மத்திய சட்டத்தில் அது நிற்பது கடினம். குடிவரவு நிலை அந்த ஏழில் இல்லை. பூர்வீக நாடு இருக்கிறது. ஆகவே ஒப்பீட்டைக் காட்டுங்கள்: ஸ்பானிஷ் உச்சரிப்போடு 10.15-க்கு அழைத்தபோது ‘வாடகைக்குப் போய்விட்டது’, 10.40-க்கு வேறொருவர் அழைத்தபோது ‘நாளை வந்து பாருங்கள்’. இரண்டு அழைப்புகளின் நேரத்தைக் காட்டும் போன் பட்டியலும், அன்று விளம்பரம் இணையத்தில் இருந்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டும் நாலு பக்கக் குமுறலைவிட வலுவானவை. இப்படிச் சோதித்துப் பார்ப்பவர்களுக்கும் வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று 1982-ல் ஹேவன்ஸ் ரியால்டி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உரிமையாளரே குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மிகாத கட்டடத்துக்கு மத்திய சட்டத்தில் பெரும்பாலும் விலக்கு உண்டு. இதைப் பார்க்காமல் போட்ட புகார்கள் வாசலிலேயே விழுந்துவிடும்.

மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களை மறந்துவிடாதீர்கள். உள்ளபடியே பல் உள்ள சட்டங்கள் அங்கேதான் வந்திருக்கின்றன. கலிபோர்னியாவில் வாடகைதாரரின் குடிவரவு நிலையை உரிமையாளர் விசாரிக்கவே கூடாது. அங்கே சட்டமன்ற உறுப்பினராக இருந்த டேவிட் சியூ கொண்டுவந்த ஏபி 291 என்ற சட்டம் 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. வாடகைதாரரை மிரட்டவோ காலி செய்ய வைக்கவோ அவரது நிலையை அதிகாரிகளிடம் சொன்னால், மாத வாடகையைப் போல் 6 முதல் 12 மடங்கு வரை இழப்பீடு. 2,000 டாலர் வாடகை என்றால் 12,000 முதல் 24,000 டாலர். ‘ஐஸுக்குப் போன் போடுகிறேன்’ என்று உரிமையாளர் அனுப்பிய குறுஞ்செய்தியைக் கோபத்தில் அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேதியும் எண்ணும் தெரியும்படி அதைப் படமெடுத்து வேறொரு போனுக்கு அனுப்பி வையுங்கள்.