வயதுக் குறியீடா, பூட்டா, பொறுக்கியெடுத்த பட்டியலா?

பிள்ளைக்கு ஒரு வீடியோ கேம் வாங்கும்போது பெற்றோரின் கண் முதலில் போவது அட்டையிலுள்ள வயது எண்ணுக்குத்தான். ஐரோப்பாவின் வயதுக் குறியீட்டு அமைப்பான பெகி 2003 முதல் 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படிகள் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி அதற்கும் மூத்தது. 'மோர்ட்டல் காம்பாட்' போன்ற விளையாட்டுகளின் ரத்தக் காட்சிகளைப் பற்றி 1993இல் செனட் சபையில் விசாரணை நடந்தது; அடுத்த ஆண்டே விளையாட்டுத் துறை தானே முந்திக்கொண்டு இந்த அமைப்பை உருவாக்கியது. இதில் 'டீ' என்றால் 13 வயதுக்கு மேல், 'எம்' என்றால் 17க்கு மேல்.

இரண்டில் எனக்குப் பயன்பட்டது ஈஎஸ்ஆர்பிதான். காரணம் அதன் எழுத்துகள் அல்ல. பல விளையாட்டுகளுக்கு, எந்தக் காட்சியில் என்ன வருகிறது என்று அதன் இணையதளம் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறது. கேலிச்சித்திர அடிதடியும் 'வன்முறை', தலை வெட்டுவதும் 'வன்முறை' என்றால், எண்ணை மட்டும் வைத்து என்ன முடிவெடுப்பது?

இரண்டுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. தயாரிப்பாளர் உள்ளே வைத்ததைத்தான் மதிப்பிடுகிறார்கள். விளையாட வருகிற மனிதர்களை அல்ல. இணையவழி உரையாடல்களை மதிப்பிடவில்லை என்று ஈஎஸ்ஆர்பியே அறிவிக்கிறது. பொம்மை போன்ற பாத்திரங்கள் துள்ளும் விளையாட்டிலும், காதில் விழும் குரல் யாருடையதாகவும் இருக்கலாம்.

பிள்ளையின் கருவியைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் பூட்டு அங்கேதான் கைகொடுக்கிறது. கூகுளின் ஃபேமிலி லிங்க் 2017இலும் ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் 2018இலும் வந்தன. இவற்றில் எல்லாரும் கொண்டாடுவது நேரக் கட்டுப்பாட்டை. எனக்கு அது இரண்டாம்பட்சம். அரை மணி நேரத்திலும் பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட முடியும். வயதுத் தடையும் பெரும்பாலும் அந்தக் குறியீட்டையே நம்பியிருக்கிறது. குறியீடு தவறினால் பூட்டும் தவறும். விளையாட்டுக்கும் கேம் கன்சோலுக்கும் உள்ளேயே இருக்கும் அரட்டைத் தடையும், பணம் கட்டுமுன் பெற்றோர் அனுமதி கேட்கும் வசதியும்தான் உண்மையான பலன். 'ஃபோர்ட்நைட்' தயாரிப்பாளரான எபிக் மீது அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கு 2022இல் 27.5 கோடி டாலர் அபராதத்தில் முடிந்தது. சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் குரல், எழுத்து அரட்டை தொடக்கத்திலேயே அணைந்திருக்கவேண்டும் என்பதும் அந்தத் தீர்வில் ஒரு நிபந்தனை. நண்பனின் கைபேசிக்கு மட்டும் நம் பூட்டு போகாது.

மூன்றாவது வழி, பொறுக்கியெடுத்ததை மட்டும் காட்டுவது. யூடியூப் கிட்ஸ் 2015இல் வந்தது. பழகிய கார்ட்டூன் முகங்களை வைத்துச் செய்த விகாரமான காணொளிகள் அதன் வடிகட்டியையும் தாண்டின என்பது 2017இல் அம்பலமானது. மறு ஆண்டு, பெற்றோர் தேர்ந்தெடுத்த சேனல்களும் காணொளிகளும் மட்டும் தெரியும் ஏற்பாடு வந்தது. இதில் உழைப்பு அதிகம். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்துத்தான் பட்டியல் போடவேண்டும். ஏழு வயது வரை வேறெதையும் நான் நம்பமாட்டேன். பத்து வயதுப் பிள்ளையோ இதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்கிவிடும். அப்போது குறியீட்டின் விளக்கப் பத்தியையும் அரட்டைப் பூட்டையும் சேர்த்தே பிடிக்கவேண்டும். பதின்மூன்றைத் தாண்டிய பிள்ளையிடம், எதை ஏன் தடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவதே நல்லது. சொல்லாமல் போட்ட பூட்டை உடைக்கும் வழி அதற்குத் தெரியும்.

ஒரு குறிப்பு: அரட்டையை அணைக்கும் பொத்தானை 'வயது வரம்பு' பகுதியில் தேடி ஏமாறவேண்டாம். பல கருவிகளில் அது 'தனியுரிமை' என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கிறது.