தண்டையார்பேட்டை மொட்டை மாடியில பெல்ஜியம் பீரு, மறுநாள் காலையில கூழு

இந்த ஆடிக்கு மூணு வாரம் லீவு போட்டு ஊருக்கு போயிட்டு வந்தேன். சொந்த ஊரு தண்டையார்பேட்டை, இருக்கிறது பிரஸ்ஸல்ஸ், 11 வருஷம் ஆச்சு. அங்க வேலை விட்டா எனக்கு இருக்கிற ஒரே ஆசை பீர்தான், குடிச்சி கவுறதுக்கு இல்ல, பீர் காய்ச்சுற சின்ன சின்ன ப்ரூவரிக்கு போயி ஒண்ணொண்ணா ருசி பாத்து நோட்டுல எழுதி வெக்கிறது. ரொம்ப நாளா மனசுல ஒண்ணு இருந்துச்சு, இதுல நல்லதா நாலஞ்சு எடுத்துட்டு போயி எங்க அக்கா வூட்டு மாடியில காசிமேட்டு மீனோட மாமா கையில குடுத்து அவரு இன்னா சொல்றாருன்னு கேக்கணும். இந்த தடவ நடந்துச்சு.

மொதல்ல கணக்கு. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் வரி இல்லாம எடுத்துட்டு வரலாம், பீரும் அந்த 2 லிட்டர்லதான் சேத்தி. நான் எடுத்தது எல்லாம் பெல்ஜியம் பீருதான்: ஓர்வால், வெஸ்ட்மால் ட்ரிப்பல், செசோன் டுபோன், பத்தாம் நம்பர் ரோஷ்ஃபோர், இந்த நாலும் 330 மில்லி, கான்டியோன் கூஸ் ஒரு 375, ரோடன்பாக் ஒரு 250, மொத்தம் 1945 மில்லி. ஒவ்வொண்ணையும் ரெண்டு சாக்ஸ்ல சொருகி, மேல ஜீன்ஸ் சுத்தி, செக்-இன் பேக்ல நடுவுல வெச்சேன். மீனம்பாக்கத்துல கஸ்டம்ஸ் ஆபீசர் கேட்டாரு, எத்தன மில்லின்னு எழுதி வெச்ச சீட்ட காட்னேன், ஒரு பாட்டில வெளிய எடுத்து லேபிள பாத்துட்டு போங்க சார்னு விட்டுட்டாரு, ரெண்டு நிமிஷம்கூட ஆவல. ஆனா வூட்டுக்கு வந்து பெட்டிய தொறந்தா ரோடன்பாக் ஒடஞ்சி கிடக்கு. ரெண்டு ஃப்ளைட் மாறி வந்த பெட்டி, எங்க எவன் வீசுனான்னு தெரியல. அந்த பீர ஓக் மரத்துல செஞ்ச பெரிய பெரிய பீப்பாய்ல ரெண்டு வருஷம் வெச்சி, புது பீரோட கலந்து பாட்டில்ல புடிப்பாங்க, அது என் வேட்டியில ஊறிப் போயிருந்தது எனக்கு நெஜமாவே வருத்தம். நீங்க எடுத்துட்டு போனீங்கன்னா பாட்டிலுக்கு பாட்டில் நடுவுல அட்டை வெக்க மறக்காதீங்க, சாக்ஸ் மட்டும் பத்தாது.

கிளாஸ் பாரிமுனை பக்கம் கண்ணாடி சாமான் கடையில வாங்குனேன். வாய் கொஞ்சம் குறுகி, அடி உருண்டையா இருக்கணும், அப்பதான் வாசனை உள்ளயே நிக்கும்னு சொன்னேன், கடைக்காரர் ஒரு கேள்வியும் கேக்காம ஏணி போட்டு ஏறி பரண்ல இருந்து எடுத்தாரு, ஒவ்வொண்ணையும் விரலால சுண்டி சத்தம் கேட்டு, கீறல் இருந்த ஒண்ண அவரே தள்ளி வெச்சிட்டு வேற குடுத்தாரு. நாலு கிளாஸ் 320 ரூபா. இந்த மாதிரி யேவாரம் இன்னும் இருக்கிறது பெரிய சந்தோஷம்.

மீனுக்கு காசிமேடு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அது முடிஞ்சி வர்ற ஆடியில போனதால வரத்து நல்லாவே இருந்துச்சு. எங்கூட ஸ்கூல்ல படிச்ச மச்சி ஒருத்தன் லாஞ்சுல டிரைவரா இருக்கான், விடிகாலைல ஏலத்துக்கு அவனே இட்டும் போனான். நெத்திலி, கடம்பா (கணவாய்), கொஞ்சம் எறா. அருவாமனையோட உக்காந்திருக்கிற அம்மா கடம்பாவ தோல் உரிச்சி, மை பை ஒடையாம எடுத்து, வளையம் வளையமா போட்டு குடுத்தாங்க, வறுவலுக்கா குழம்புக்கான்னு கேட்டுத்தான் கத்தியவே வெச்சாங்க.

சனிக்கெழம சாயந்திரம் மாடியில நாலு பேரு. நானு, மாமா, மச்சி, பக்கத்து வூட்டு கார்ப்பென்டர் அண்ணன். மாமா மொதல்ல பாட்டில தொட்டு பாத்துட்டு, "இன்னா மச்சான், கூலிங்கே பத்தலயே, ஐஸ் போட்டுக்கவா"ன்னாரு. இத கொஞ்சம் விளக்கியே ஆவணும். நம்ம பக்கம் பீர்னா பல்லு கூசுற ஜில்லு, அந்த ஜில்லுல நாக்கு மரத்து போயிடும், வாசனை மேல எழும்பாது. ஓர்வால்லாம் 12 டிகிரி கிட்ட இருந்தாத்தான் பேச ஆரம்பிக்கும். பிரஸ்ஸல்ஸ்ல ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அரை மணி நேரம் வெளிய வெப்பேன், தண்டையார்பேட்டை மாடியில 10 நிமிஷம் தாராளம்.

ஓர்வால் பாட்டில் கீழ குண்டா மேல ஒல்லியா இருக்கும், மேல வாயில மோதிரத்த கவ்வுன மீன் படம். மச்சி பீர விட்டுட்டு "இது இன்னா மீனு?"ன்னு கேட்டான். ட்ரவுட்டு, நன்னீர் மீனுன்னு சொல்லி அந்த கதையையும் சொன்னேன், ஒரு சீமாட்டியோட மோதிரம் சுனையில வுழுந்து போச்சாம், மீனு ஒண்ணு அத கவ்வி எடுத்துட்டு வந்து குடுத்துச்சாம், அந்த எடத்துலதான் மடம் வந்துச்சாம். மாடிப்படியில வறுவல் தட்டோட வந்த அக்கா, "நம்ம சகுந்தலை மோதிரம் மாதிரி இருக்குதே"ன்னாங்க. இத்தன வருஷம் அந்த பாட்டில பாத்திருக்கேன், எனக்கு தோணல. மடத்து சுவருக்குள்ள துறவிங்க பார்வையில காய்ச்சுற பீரு அது, 6.2 சதவீதம், பாட்டில்ல அடைக்கும்போது ப்ரெட்டனோமைசிஸ்னு ஒரு காட்டு ஈஸ்ட்ட சேப்பாங்க, அதனால மாசம் போவ போவ ருசி மாறிக்கினே இருக்கும். நான் கொண்டு போனது அடைச்சி எட்டு மாசம் ஆனது, நல்ல கசப்பு, லேசா லெதர் வாசனை, கடைசில நாக்கு காஞ்சி போவும். நெத்திலி வறுவலோட எண்ணெய்ய அந்த கசப்பு சுத்தமா தொடைச்சி எடுத்துச்சு. மாமாவுக்கு கசப்பு புடிக்கல. அண்ணனுக்கு புடிச்சிது, பாவக்கா வறுவல் மாதிரி ரெண்டாவது வாய்லதான் நல்லா இருக்குன்னாரு.

ட்ரிப்பல் எல்லாருக்கும் புடிச்சிது, வாழப்பழ வாசனை, 9.5 சதவீதம்னு யாரும் நம்பல. டுபோன் எறாவோட பரவால்ல, அவ்ளோதான். ரோஷ்ஃபோர் 11.3 சதவீதம், இங்க ஸ்ட்ராங்னு சொல்றதே 7, 8தான், அதனால ஆளுக்கு 80 மில்லிதான் ஊத்துனேன். அக்கா குடிக்க மாட்டாங்க, கிளாஸ வாங்கி மோந்து மட்டும் பாத்தாங்க, "கருப்பட்டி பாகுல பேரீச்சம்பழம் ஊறப் போட்டா வர்ற வாசனைடா தம்பி"ன்னாங்க. என் நோட்டுல நான் ஒரு பக்கத்துக்கு எழுதி வெச்சிருந்தத அவங்க ஒரே வரியில முடிச்சிட்டாங்க.

கூஸ கடைசில தொறந்தேன், வேணும்னேதான். இதுதான் எனக்கு உசுரு. கான்டியோன் பிரஸ்ஸல்ஸ்ல மிடி ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரம், 1900ல ஆரம்பிச்சது. அங்க யாரும் ஈஸ்ட் வாங்கி போடறதில்ல. பார்லிய முளைக்க வெச்சி காய வெச்ச மால்ட்டும், முளைக்க வெக்காத கோதுமையும் போட்டு காய்ச்சி, கூரைக்கு கீழ இருக்கிற அகலமான செம்பு தொட்டியில ராத்திரி பூரா தொறந்து வெச்சிடுவாங்க, காத்துல இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானா வந்து சேரும். அப்புறம் மர பீப்பாய்ல வருஷக்கணக்கா கிடக்கும், ஒரு வருஷத்தது, ரெண்டு வருஷத்தது, மூணு வருஷத்தது மூணையும் ருசி பாத்து கலந்து பாட்டில்ல அடைச்சாத்தான் கூஸ். புளிப்புன்னா சாதாரண புளிப்பு இல்ல. மச்சி ஒரு வாய் வெச்சிட்டு கிளாஸ கீழ வெச்சிட்டான். மாமா மட்டும் ரெண்டு வாய் குடிச்சி கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "இது நம்ம கூழு மேல நிக்கிற தண்ணி மாதிரி கீது மச்சான், பேரு கூட கூஸா கூழா?"ன்னாரு. விளையாட்டுக்கு சொல்லல அவரு. இன்னொரு தடவ ஊத்து, கடம்பாவோட வெச்சி பாக்கலாம்னு சேத்து சொன்னாரு, வெச்சி பாத்தா மொளகா காரத்த அந்த புளிப்பு தூக்கி நிறுத்துது, அன்னைக்கு மொத்தத்துலயும் அதான் பெஸ்ட் ஜோடி.

அந்த வார்த்தை தூங்க விடல. மறுநாள் ஞாயித்துக்கெழம, தெருக்கோடி அம்மன் கோயில்ல கூழ் வாக்கறதுக்கு அண்டா வெச்சிக்கினு இருந்தாங்க, நானும் மாமாவும் அதுக்கு முன்னாடியே மார்க்கெட் பக்கம் கூழ் வண்டி போடற ஆயா கிட்ட போனோம். கேழ்வரகு கூழு, சொம்பு 30 ரூபா, தொட்டுக்க மோர் மிளகா, மாங்கா, சின்ன வெங்காயம், கருவாட்டு குழம்பு. நேத்து கூஸ மோந்த மாதிரியே இத மோந்து பாத்தேன், சின்ன வயசுல இருந்து எத்தன தடவ குடிச்சிருப்பேன், ஒரு நாளும் மோந்ததில்ல. பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு புளிப்பு, பின்னாடி தானியத்தோட இனிப்பு, அடியில லேசா மோர் வாடை. ரெண்டுலயும் அந்த புளிப்ப குடுக்குறது லாக்டிக் ஆசிட்தான், கூஸ்ல காட்டு ஈஸ்ட்டு சாராயமாக்குற வேலையையும் செய்யிது, கூழு அந்த வழிக்கு போறதுக்குள்ள நாம குடிச்சிடறோம். அதே கேழ்வரகுல சிக்கிம், நேபாளம் பக்கம் புளிக்க வெச்சி, தோங்பான்னு மூங்கில் குடுவையில சுடுதண்ணி ஊத்தி குடிக்கிறாங்க, அதனால கேழ்வரகுல பீர் ஆவாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

எத்தன நேரம் புளிக்க வெப்பீங்க ஆயான்னு கேட்டேன். "கரைச்சி வெச்சா இந்த வெயிலுக்கு ஒரு ராத்திரி போதும் நைனா. கத்திரியில வெடிகாலைலயே பாத்துடணும், வுட்டா நாறிடும். மார்கழில ரெண்டு நாளு ஆவும், ஆனா மார்கழி கூழு ருசியே வேற"ன்னாங்க. எனக்கு சிலுத்துடுச்சி. கான்டியோன்ல அக்டோபர் கடைசில இருந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும்தான் காய்ச்சுவாங்க, வெயில் காலத்துல காத்துல கெடுக்குற கிருமி ஜாஸ்தி, ராத்திரியும் சீக்கிரம் ஆறாது, குளிர்ல மெதுவா ஆறுனாத்தான் பீரு சரியா வரும். அங்க அத தெரிஞ்சிக்க சுத்தி காட்ட டிக்கெட் போட்டு விக்கிறாங்க, நானும் வாங்கி போயி நோட்டுல எழுதுனேன். இங்க ஆயா கரண்டிய கலக்கிக்கினே சொல்றாங்க. பெல்ஜியத்து பீர் கலாச்சாரத்த 2016ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, அதுக்கு தகுதி இருக்கு, நான் மனசார சொல்றேன். ஆயாவோட கைக்கும் அதே தகுதி இருக்கு, அதையும் மனசாரத்தான் சொல்றேன்.

நடுவுல ரெண்டு நாள் பெங்களூர் போனேன், இந்திரா நகர்ல டாய்ட்னு அங்கயே பீர் காய்ச்சி ஊத்துற பப்ல டின்டின்னு பெல்ஜியம் பாணி கோதுமை பீரு, பாஸ்மதி அரிசி போட்ட ஒண்ணு, ரெண்டும் சுத்தமா நல்லா காய்ச்சிருந்தாங்க, சர்வீசும் சுறுசுறுப்பு. வட சென்னையில அந்த மாதிரி அங்கயே காய்ச்சி ஊத்துற எடம் ஒண்ணும் என் கண்ணுல படல.

திரும்புறதுக்கு முந்தின நாளு அத்தோ சாப்பிட மெட்ரோவுல போனேன், தண்டையார்பேட்டையில இருந்து மூணாவது ஸ்டேஷன் மண்ணடி, 2021ல இந்த லைன் வந்ததுல இருந்து பாரிமுனை போறது ஒரு வேலையாவே தெரியல. அத்தோன்னா பர்மாவுல இருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டாந்த நூடுல்ஸ், கடைக்காரர் புளித்தண்ணியும் வறுத்த பூண்டும் போட்டு கைல பெசஞ்சி குடுத்தாரு, வாழைத்தண்டு சூப் கேக்காமலே ரெண்டாவது தடவ ஊத்துனாரு. டுபோன எறாவோட குடுத்தது தப்பு, அதுல இருக்கிற மொளகு வாடைக்கு இதுதான் ஜோடின்னு அப்பதான் புரிஞ்சிது. சாப்ட்டுட்டு ராஜாஜி சாலையில நின்னேன். ஹார்பர் கட்டறதுக்கு முன்னாடி கப்பல் தூரமா நிக்கும், சரக்கெல்லாம் மசூலா படகுல அலைய தாண்டி இந்த கரைக்குத்தான் வரும். லண்டன்ல இருந்து ஹாட்சன் மாதிரி பீர் காய்ச்சுற ஆளுங்க கிழக்கிந்திய கம்பெனி கப்பல்ல ஏத்தி விட்ட, ஹாப்ஸ்னு கசப்பு குடுக்குற பூவு தூக்கலா போட்ட பீப்பாய் பீரு கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ்னு எறங்கும், மாசக்கணக்கா கடல்ல ஆடி ஆடி பக்குவப்பட்ட அந்த பீர்ல இருந்துதான் இன்னைக்கு உலகம் பூரா குடிக்கிற இந்தியா பேல் ஏல்னு பேரு வந்துச்சு. நம்ம பேரு போட்ட பீரு, நம்ம கரையில எறங்குனது.

கெளம்புற அன்னைக்கு காலியான ஓர்வால் பாட்டில அக்கா கழுவி நல்லெண்ணெய் ஊத்தி வெச்சிக்கிட்டாங்க. மாமா அடுத்த தடவ கூஸ் மட்டும் ரெண்டு கொண்டான்னு சொல்லிட்டாரு. ஆயா வண்டி காலைல ஏழுக்கு வரும், பத்தரைக்கெல்லாம் அண்டா காலி, செவ்வாக்கெழம லீவு. வூட்ல இருந்து சொம்பு எடுத்துட்டு போனா ரெண்டு கரண்டி கூட ஊத்துவாங்க.