ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா? பழைய ராக்கின் தெளிவான ஒலிக்கு எந்த எலக்ட்ரிக் கிட்டார்?

கும்பகோணம் பக்கம் கல்யாண மண்டப மேடைகளில் வாசிக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் (சுருக்கமாக ஸ்ட்ராட்) சிங்கிள் காயில் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் ஒற்றைச் சுருள். கிப்சன் லெஸ் பாலில் 1957 முதல் ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப்.

தெளிவு என்றால் என் ஓட்டு ஸ்ட்ராட்டுக்குத்தான். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைப் போட்டு, வால்யூமை 7க்கு இறக்கி, பிக் இல்லாமல் விரல் நுனியால் மீட்டிப் பாருங்கள். மெதுவாகத் தொட்டால் மணி மாதிரி ஒலிக்கும்; கொஞ்சம் அழுத்தினால் வால்வ் ஆம்ப் (வெற்றிடக் குழாய் ஆம்ப்ளிஃபயர்) லேசாகக் கரகரக்கும். அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் விரலில்தான் இருக்கிறது. அப்புறம் கம்பியை வளைப்பது: நாகஸ்வர கமகம் கேட்டு வளர்ந்த டெல்டாக் காதுக்குச் சுருதி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை, அவசரப்படாமல் இருந்தால் போதும்.

ஆனால் சீரியல் லைட்டும் டிம்மரும் உள்ள மண்டபத்தில் சிங்கிள் காயில் இரையும். ஹம்பக்கரின் இரண்டு காயில்களும் சேர்ந்து அந்த இரைச்சலை ரத்து செய்துவிடும். லெஸ் பாலின் ஒலி தடிமன். வால்யூமைக் குறைத்தால் கூர்மை மங்கும். கிட்டாருக்குள் வால்யூம், டோன் குமிழ்களை இணைக்கும் வயரிங்கை 1950களின் முறைக்கு மாற்றினால் அந்தக் குறை பெருமளவு தீரும். மண்டபக் கச்சேரிகள்தான் அதிகம் என்றால் தயங்காமல் லெஸ் பாலையே வாங்குங்கள்.